லாத்தா இல்லாத கதை

காரைக்கால்
6–12–1956

லாத்தா உம்மு சல்மா அவர்களுக்கு, நூகு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் நலமாக இருப்பது மீன்கார ராசாத்தி வாயிலாக வாரம் தவறாமல் எனக்குத் தெரிகிறது. நாலு தெரு தள்ளியிருக்கும் உடன்பிறந்தவளுக்குக் கடிதமா என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்கள் வாசற்படியை மிதிப்பதில்லை என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சைகோனில் இருந்தபடியே சத்தியம் செய்தேன். ஊர் திரும்பிப் பத்து வருஷம் ஆகிறது. ஜும்ஆவுக்குப் போகும்போதுகூட உங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பிரெஞ்சுக்காரன் கொடியே இறங்கிவிட்டது. என் சத்தியம் இறங்கவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். முந்நூறு பக்கம் வரும். பள்ளிக்கூட வாசல் தெரியாதவன்தான். சைகோனில் ஜவுளி மூட்டை சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவன்தான். ஆனாலும் எழுதியிருக்கிறேன். பெயர் ‘சேக் அலாவுதீன் சரித்திரம்’. பதினேழு வயதில் காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போய், யார் கையையும் பிடிக்காமல் தானாகவே ஆளான ஒருவனுடைய கதை. கடைத்தெருவில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் நடராசன் படித்துப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் அச்சுக் கோக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பதினொன்றாம் அத்தியாயம் மட்டும் வெறும் தாளாகக் கிடக்கிறது. அலாவுதீன் சைகோனில் இருக்கும்போது ஊரில் அவன் உம்மா மௌத்தாகிறாள். அதை எழுத எனக்கு வரவில்லை. நம் உம்மா எப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. என்ன நோய், பக்கத்தில் யார் இருந்தது, கடைசியாக என்ன சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இதுவரை சொல்லவில்லை. நான் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். விவரமாக எழுதி அனுப்புங்கள்.

உங்களுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால், முதல் மூன்று அத்தியாயங்களையும், இந்தக் கடிதத்தைப் போலவே, நம் வீட்டுப் பெண்கள் பழகிய அரபுத்தமிழில் பெயர்த்து எழுதியிருக்கிறேன். சொல் தமிழ், எழுத்து அரபு. இருபது நாள் வேலை. கதை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அதற்கு ஏற்றபடி நீங்கள் சொல்ல முடியும் என்பதற்காக இந்தப் பாடு. இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நூகு


காரைக்கால்
14–12–1956

தம்பி நூகுவுக்கு, அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு லாத்தா எழுதுவது.

ராசாத்தி மடியிலிருந்து உன் காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தபோது, “என்னங்கம்மா இது, நாலு தெருவுக்குக் காயிதமா? நேர்ல நின்னு ரெண்டு பேரும் ஏசிக்கிட்டாக்கூட எனக்கு நடை மிச்சமாகும்ல” என்றாள். நான் உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரி இன்னும் மேல்நோக்கி ஏறிக்கொண்டேதான் போகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னை ‘நீ’ என்பாய். இப்போது ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்று அத்தியாயங்களையும் வாசித்தேன். தனியாக இல்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நான் கிஸ்ஸா, பழைய கதைகள், வாசிப்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் உன் கதையை வாசித்தேன். கடல் வருகிற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் மகள் கமருன்னிசா மட்டும், “மாமா நல்லா எழுதுறாங்க உம்மா. ஆனா இந்த அலாவுதீன் ஒரு தும்மல்கூடத் தும்ம மாட்டேங்குறாரே, மனுசன்தானா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி.

உன் கதையின் முதல் வரி, ‘சேக் அலாவுதீனுக்கு உடன்பிறந்தோர் யாரும் இல்லை.’ அதை வாய்விட்டு வாசித்துவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் எட்டு வயது அலாவுதீன் காய்ச்சலோடு ஐப்பசி மழையில் அரசலாற்றைத் தாண்டி வைத்தியர் வீட்டுக்குத் தானே நடந்து போகிறான். தம்பி, எட்டு வயதுப் பிள்ளையை மழையில் தனியே நடக்க விட்டிருக்கிறாய். அன்றைக்கு அவனை முதுகில் சுமந்து போனவளுக்குப் பதினாலு வயது. நடு ஆற்றில் அவன் அவள் கழுத்தில் வாந்தியெடுத்தான். அதை எழுதினால் அலாவுதீனுக்குக் கௌரவக் குறைவா?

முப்பது வருஷமாகக் கதை வாசிக்கிறேன். தாய் இல்லாதவன் வருவான், தகப்பன் இல்லாதவன் வருவான், நாடே இல்லாதவன் வருவான். யாருமே இல்லாதவன் இதுவரை வந்ததில்லை. எங்கேயாவது யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் பெண்கள் ‘உச்’ கொட்டுவார்கள். உன் கதையில் உச் கொட்ட இடமே இல்லை. ஒரு மனுசனைச் சுற்றி இருக்கிறவர்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு அவனை மட்டும் நிறுத்தினால், அவன் பெரியவனாகத் தெரியவில்லை. காலியாகத் தெரிகிறான்.

உம்மா போன விவரம் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் அலாவுதீனுக்கு ஒரு லாத்தாவைக் கொடு. அவள் பேசக்கூட வேண்டாம், வீட்டுக்குள் இருந்தால் போதும். அதுவரை சொல்லமாட்டேன். வாப்பா விட்டுப்போன பிடிவாதம் உனக்கு மட்டும் வந்ததென்று நினைத்தாயா?

உன் லாத்தா
உம்மு சல்மா


காரைக்கால்
22–12–1956

லாத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கொடுக்கமாட்டேன்.

ஏன் என்று நீங்களே அறிவீர்கள். ஆனாலும் எழுதிவிடுகிறேன். 1938 சித்திரையில் சைகோன் கப்பல்துறையில் நின்றுகொண்டிருந்தேன். நம்மூர் முத்து முகம்மது மாமா கப்பலிலிருந்து இறங்கி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “உம்மாவுக்கு ஓதினியாப்பா? ஏழு மாசம் ஓடிப்போச்சே” என்றார். எந்த உம்மாவுக்கு என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று காலைதான் உம்மாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சட்டைப்பையிலேயே இருந்தது. அதில் உம்மா, முழங்கால் வலி இப்போது தேவலை என்று எழுதியிருந்தார்கள். கபுறுக்குள் போய் ஏழு மாதம் ஆனவருக்கு முழங்கால் தேவலையாம்.

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. இருபத்து நாலு வருஷமாக உம்மா சொல்ல நீங்கள்தான் எழுதினீர்கள். உம்மா போன பிறகும் ஏழு மாதம், மாதம் ஒன்றாக ஏழு கடிதம், இறந்தவர் வாயால் எழுதினீர்கள். நானும் அன்று காலை வந்ததைத் தவிர ஆறுக்கும் பதில் எழுதினேன், உம்மாவுக்குக் குளிருக்கு ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறேன் என்று. அந்தக் கம்பளியை என்ன செய்தேன் என்று சொல்லமாட்டேன். என் உம்மாவின் ஜனாஸாத் தொழுகையை நான் இருந்த ஊரிலாவது தொழுதிருப்பேன். அழ வேண்டிய நாளில் அழுதிருப்பேன். அதை எடுத்துக்கொண்டவருக்கு என் கதையில் இடம் இல்லை.

அலாவுதீன் காலியாகத் தெரிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை ஆளாக்கியவர் அவன் உம்மா. நாலாம் அத்தியாயத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பாருங்கள். 1926இல் நடந்தது உங்களுக்கும் தெரியும். நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையில் முதலாளியின் தம்பி மூட்டைகளைக் கடத்தி விற்றான். பழியைக் கடைக் கூலியாள் ஒருவன் மேல் போட்டார்கள். பிரெஞ்சு நீதிபதி முன்னால் நான் சாட்சி சொல்ல வேண்டும், கூலியாள் எடுத்ததைப் பார்த்தேன் என்று. சொன்னால் கடையில் பெரிய இடம், சொல்லாவிட்டால் வெளியே. என்ன செய்வது என்று உம்மாவுக்கு ஆறு பக்கம் எழுதினேன். வழக்கு இரண்டு மாதம் தள்ளிப் போனதால் பதில் வந்து சேர்ந்தது. ‘மகனே, பொய் சொல்லித்தான் அந்தச் சோற்றைத் தின்ன வேண்டுமென்றால் அந்தச் சோறு உனக்கு வேண்டாம். இங்கே கஞ்சி இருக்கிறது, உப்பும் இருக்கிறது. வந்துவிடு.’

சாட்சி சொல்லவில்லை. நாலு மாதம் கப்பல்துறையில் சாக்கின் மேல் படுத்தேன். அதற்குப் பிறகு சைகோனில் எவனும் என் சொல்லைச் சந்தேகித்து இரண்டாம் தடவை கேட்டதில்லை. நான் ஆனதெல்லாம் அந்த நாலு வரியில் ஆனதுதான். அலாவுதீனும் அப்படியே.

எழுதிய கை உங்களுடையது. சொல் உம்மாவுடையது. பேனாவுக்கு யாரும் கதையில் பாகம் கொடுப்பதில்லை.

உம்மா போன விவரத்தை அனுப்புங்கள். நிபந்தனை போட உங்களுக்கு உரிமை இல்லை.

நூகு


காரைக்கால்
2–1–1957

தம்பி நூகு,

சலாம். நாலாம் அத்தியாயத்தைப் பெண்களுக்கு வாசிக்கவில்லை. எனக்கு மட்டும் மூன்று தடவை வாசித்துக்கொண்டேன். இனி நிபந்தனை ஒன்றும் இல்லை. கேட்டதைச் சொல்கிறேன். ஆனால் நீ கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ அந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுத்தால் நான் இரண்டாம் தடவையாக உன்னை ஏமாற்றியது போல ஆகும்.

அந்த நாலு வரியும் உம்மா சொன்னதில்லை.

உன் ஆறு பக்கத்தையும் அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். உம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: “மொதலாளி என்ன சொல்லச் சொல்றாங்களோ அதச் சொல்லிட்டுப் போகச் சொல்லு. அந்தக் கூலிக்காரன் இவனுக்கு மாமனா, மச்சானா? வேலை போச்சுன்னா எவன் குடுப்பான்?” இப்படியே எழுதவா என்று கேட்டேன். “வேற எப்படி எழுதுவே? எழுதி ஒட்டு” என்றார்கள்.

உம்மாவைக் குறைவாக நினைக்காதே. வாப்பா போனபோது உனக்கு நாலு வயது, எனக்குப் பத்து வயது. இரண்டு வயிற்றையும் வைத்துக்கொண்டு அவர்கள் பயப்படாத நாள் இல்லை. அன்று பயந்ததும் உனக்காகத்தான்.

ஆனால் எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. பொய் சொல்ல மனமுள்ளவன் ஆறு பக்கம் எழுதிக் கேட்கமாட்டான். சொல்லிவிட்டு வந்து இரண்டு வரி எழுதுவான். ‘சொல்லாதே’ என்று யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்றுதான் நீ கேட்டிருந்தாய். நான் சொன்னதாக எழுதியிருந்தால் கேட்டிருப்பாயா? லாத்தா சொன்னாள் என்று உலகத்தில் எவனாவது வேலையை விட்டதுண்டா? அதனால் உம்மா பேரில் எழுதினேன். ஒட்டியும் விட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. “சைகோன் போன புள்ள என்னெ மறந்துட்டான்” என்று உம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார்கள். உன் வேலை ஏன் போனது, யாரால் போனது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பிற்பாடு நீ, ‘உங்கள் சொல்தான் உம்மா என்னைக் காப்பாற்றியது’ என்று எழுதினாய். அந்த வரியை உம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

இனி நீ கேட்டது.

ரஜபு மாதம். மூன்று நாள் காய்ச்சல்தான். நானும் கமருன்னிசாவும் பக்கத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் தெளிவாக இருந்தார்கள். தம்பி காயிதத்தை வாசி என்றார்கள். அந்த மாதம் உன் கடிதம் இன்னும் வரவில்லை. முந்தினதை எடுத்து வாசித்தேன். இரண்டு வரிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். “இது போன மாசத்து மீனு. புதுசு இல்லியா?” என்றார்கள். இருக்கிறது என்று சொல்லி, அலமாரியிலிருந்து வேறொரு தாளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நானாகவே வாசித்தேன். நீ கப்பலுக்குச் சொல்லிவிட்டாய், வருகிறாய் என்று வாசித்தேன். உனக்கு உம்மாவாக எழுதியவள் உம்மாவுக்கு நீயாக வாசித்தேன். முகம் அப்படியே மலர்ந்தது. “வந்தான்னா மீன் ஆணத்தச் சுட வச்சுக் குடு. ஆறிப்போனதத் திங்கமாட்டான்” என்றார்கள். அதுதான் கடைசிப் பேச்சு. அஸர் பாங்கு சொல்லும்போது கலிமா சொல்லிக் கொடுத்தோம். உதடு அசைந்தது. போய்விட்டார்கள்.

இவ்வளவுதான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

உன் லாத்தா


காரைக்கால்
4–1–1957

உம்மு சல்மா,

என் உம்மா பொய்ச்சாட்சி சொல்லச் சொன்னார்கள் என்று உன் கையால் எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறாய். இறந்தவரை ஏழு மாதம் உயிரோடு வைத்திருந்தாய். இப்போது, முப்பது வருஷம் என்னோடு உயிரோடு இருந்தவரை ஒரு கடிதத்தில் கொன்றுவிட்டாய்.

கப்பல்துறையில் சாக்கின் மேல் படுத்துக்கொண்டு அலாவுதீன் அந்த நாலு வரியைத்தான் சொல்லிச் சொல்லித் தூங்கினான். அலாவுதீன் இல்லை, நான். உம்மா சொல்லிவிட்டார்கள், அதனால் பசி ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். நீ சொன்னது என்று தெரிந்திருந்தால் எழுந்து போய் முதலாளி காலில் விழுந்திருப்பேன். இல்லை, விழுந்திருக்கமாட்டேன். எனக்குத் தெரியவில்லை. அதையும் தெரியாமல் செய்துவிட்டாய்.

நடராசனிடம் அச்சு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். உம்மா இல்லாமல் அலாவுதீன் இல்லை. நான் அனுப்பிய நாலு அத்தியாயங்களையும் ராசாத்தியிடம் கொடுத்தனுப்பு.

இதற்குப் பதில் வேண்டாம்.

நூகு


காரைக்கால்
20–1–1957

தம்பி நூகு,

கோபத்திலாவது ‘நீ’ என்று எழுதினாயே.

பதில் வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். அத்தியாயங்கள் இப்போது என்னிடம் இல்லை. முதல் மூன்றையும் பெண்கள் வீட்டுக்கு வீடு வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்ததும் கொடுத்தனுப்புகிறேன். நாலாவது என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கொடுக்கமாட்டேன்.

அந்த ஏழு கடிதத்தைப் பற்றி நீ கேட்டதே இல்லை. ஊரார் தாங்களாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். தூர தேசத்தில் தனியாக இருப்பவன், தெரிந்தால் உடைந்துபோவான், அவனுக்காக மறைத்தாள் என்றார்கள். நல்ல காரணம். நானும் மறுக்கவில்லை. அது பொய். உனக்காக மறைக்கவில்லை.

நீ மாதம் ஒரு கடிதம் போடுவாய். எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் இருக்கும். சைகோனில் என்ன மழை, எந்தத் தெருவில் என்ன விளக்கு, யார் உன்னை ஏசினார்கள், எதைக் கண்டு சிரித்தாய், எல்லாம் இருக்கும். எல்லாம் உம்மாவுக்கு. கடைசி வரியில் ‘லாத்தாவுக்கு சலாம்’ என்று இருக்கும். இருபத்து நாலு வருஷத்தில் எனக்கு என்று வந்தது அந்த இரண்டு சொல். ஆனால் உறையைப் பிரிப்பவள் நான். முதலில் வாசிப்பவள் நான். உம்மா கேட்டுவிட்டு, “நல்லா இருக்கச் சொல்லு, நேரத்துக்குத் திங்கச் சொல்லு” என்று மட்டும் சொல்வார்கள். மிச்சத்தை எழுதுகிறவள் நான். என் மச்சான், கமருன்னிசாவின் வாப்பா, பினாங்கில் மௌத்தான பிறகு எனக்கு வேறு யாரிடமும் பேச்சு இல்லை. அந்த எட்டுப் பக்கத்தில்தான் எனக்கு உலகம் இருந்தது.

உம்மாவுக்கு மூன்றாம் நாள் ஓதி முடித்த மறுநாள், ‘உம்மா மௌத்தாகிவிட்டார்கள்’ என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாக அதற்குத்தான் உட்கார்ந்தேன். பேனாவில் ‘மகனே’ என்று வந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உம்மா இல்லை என்று தெரிந்தால் நீ யாருக்கு எழுதுவாய்? எனக்கா எழுதுவாய்? பணவிடைத் தாளில் நாலு வரி வரும், ‘லாத்தா நலமா’ என்று. அவ்வளவுதான் வரும் என்று பயந்தேன். அதைவிட உம்மாவாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஏழு மாதம் ஆகிவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதினேனே, அது என் முழங்கால்.

பயந்தபடியே நடந்தது. அந்தச் சித்திரைக்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஒரு வரிகூட இல்லை. பத்து வருஷமாக நாலு தெரு தள்ளி இருக்கிறாய், ராசாத்தி கூடையில் என்ன மீன் மிச்சம் என்று பார்த்து நீ என்ன தின்றிருப்பாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

அலாவுதீனுக்கு லாத்தா வேண்டும் என்று கேட்டேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம். எழுதினால் அவளை நல்லவளாக எழுதிவிடுவாய் என்று இப்போது பயமாக இருக்கிறது. அவள் நல்லவளும் இல்லை, பொல்லாதவளும் இல்லை. கடிதத்துக்குக் காத்திருந்த ஒருத்தி.

மன்னிக்கும்படி கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உம்மு சல்மா


காரைக்கால்
10–2–1957

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ராசாத்தி நாலு தடவை வாசலில் நின்று, “என்னங்க சாயபு, பதில் உண்டா இல்லியா? அந்தம்மா என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, எனக்கு மீன் விக்க முடியல” என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன். செய்த சத்தியம் செய்ததுதான். மன்னித்தேன் என்றும் எழுதமாட்டேன். உம்மாவை அடக்கிய நாள் எனக்குத் திரும்பி வராது. நீ என்ன காரணம் சொன்னாலும் வராது. இதில் நான் இறங்குவதாக இல்லை.

போன வாரம் பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்தேன். அந்த ஏழும் இருக்கின்றன. என் வீட்டுக்காரி சஃபியா பார்த்துவிட்டு, “பதினெட்டு வருசமா லாத்தாவ ஏசிக்கிட்டே இருக்கீங்க, ஒண்ணக்கூடக் கிழிச்சுப் போடலியே” என்றாள். உன் வேலையைப் பார் என்று அவளை அதட்டிவிட்டு, உம்மா இருந்தபோது வந்தவற்றையும் போன பிறகு வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது உம்மா, எது நீ என்று பிரிக்க இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. எங்கேயும் தையல் தெரியவில்லை. நான் உம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தது முழுவதும் அந்தத் தாளில் இருந்த ஆள்தான். அந்த ஆள் நாலு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நடராசனிடம் போய் அச்சு வேலையைத் தொடங்கச் சொன்னேன். கூடவே, முதல் அத்தியாயத்தில் முதல் வரியை எடுத்துவிடச் சொன்னேன். தை பிறக்கக் காத்திராமல், நான் நிறுத்துவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்தைக் கோத்து வைத்திருந்தாராம். “பெரியவரே, கோத்த பக்கத்தப் பிரிக்கிறது கட்டின செவுத்த இடிக்கிற மாதிரிங்க” என்றார். இடி என்றேன். ஆற்றில் அலாவுதீன் இப்போது நடக்கவில்லை. முதுகில் இருக்கிறான். வாந்தியையும் எழுதியிருக்கிறேன். நாலாம் அத்தியாயத்தில் கடிதம் அப்படியே இருக்கிறது. ‘இதை எழுதியவள் அவனுடைய லாத்தா. அவனுக்கு அது வெகுகாலம் தெரியாது’ என்று மட்டும் கீழே சேர்த்திருக்கிறேன். அவளை நல்லவள் என்று எங்கேயும் எழுதவில்லை. பயப்படாதே.

பதினொன்றாம் அத்தியாயம் இல்லை. பத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருகிறது. நடராசன் தலையில் அடித்துக்கொண்டார். நீ எழுதி அனுப்பியது எனக்கு. அதைப் புத்தகத்துக்குக் கொடுக்கமாட்டேன்.

தாளில் இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது. இன்று ஞாயிறு. காலையில் இடியாப்பமும் பாலும் பசியாறினேன். சஃபியா சர்க்கரையைக் குறைத்துவிட்டாள், கேட்டால் வைத்தியர் பேரைச் சொல்கிறாள். பிறகு கடைத்தெருப் பக்கம் போனேன். அம்பகரத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருவன் மூன்று ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்தான். நடத்துனர் ஆட்டுக்கு டிக்கெட் கேட்க, அவன், ‘உக்காந்துட்டு வந்தாத்தானேய்யா டிக்கெட்டு, அது நின்னுக்கிட்டுத்தானே வந்துச்சு’ என்று சண்டை போட்டான். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

இன்னொன்று. போன ஆடியிலிருந்து எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. யாருக்கும் சொல்லவில்லை. சஃபியா அந்தப் பக்கம் நின்று ஏசும்போது நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, வயதானால் மனிதனுக்குப் பொறுமை வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உம்மா இருந்தால்கூட இதை எழுதியிருக்கமாட்டேன், கவலைப்படுவார்கள். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தம்பி
நூகு